கொழும்பிலிருந்து கடற்கரை சுற்ற வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை, லண்டன், டொரொன்டோ என்று எங்கிருந்து லீவுக்கு வந்தாலும் சனம் வட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அவற்றுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மலைநாடு, சிகிரியா, யானை எல்லாம் இதில் இல்லை. கடலும் கடலோரப் பழைய ஊர்களும் மட்டும்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எந்தக் கரைக்கு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இலங்கையில் கடற்கரை லீவு கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணம், தவறான மாதத்தில் தவறான கரையில் அறை போடுவதுதான்.

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கொழும்பு, காலி, மிரிஸ்ஸப் பக்கம் கடல் கொந்தளிக்கும். செப்டெம்பர் வரை அந்த நிலைதான். அந்தக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய்க் கிழக்கே இறங்கும். அதனால் அதே மாதங்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் நல்ல வெயில் எறிக்கும், கடல் குளம்போலக் கிடக்கும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேரத்தில் இடிமழை. அதன்பின் வடகீழ்ப் பருவமழை கிழக்கையும் வடக்கையும் பிடித்துக்கொள்ள, டிசம்பர் தொடங்கி மார்ச் வரை தெற்கும் மேற்கும் பளிச்சென்று இருக்கும்.

ஆகவே கிறிஸ்மஸ் லீவுக்கு வருகிறவர்கள் காலிப் பக்கம் போங்கள். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள் திருகோணமலைக்குப் போங்கள். இந்தியாவிலிருந்து மே விடுமுறைக்கு வந்து ஹிக்கடுவையில் அறை போட்டுவிட்டு, கரையில் சிவப்புக் கொடி ஏன் பறக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிடுங்கள். மாதம் எந்தக் கரையைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13, 14 இரண்டும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. கொழும்பில் பாதிச் சனம் ஊருக்குப் போய்விடும், கடைகள் பூட்டு. வாகன நெரிசல் இல்லாத கொழும்பைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் நாள், ஆனால் சாப்பாட்டுக்கு முதலே ஒழுங்கு செய்யுங்கள்.

கொழும்பில் நிற்கத்தான் வேண்டுமா? நேரே காலிக்குப் போய்விடலாமே?

போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கொழும்பைத் தாண்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை. சிகிரியாவில் உங்களுக்கு வழிகாட்டி வேண்டும். செட்டியார் தெருவில் வேண்டாம், பலகைகளே பேசும். முழுதாக ஒரு நாள் கொடுங்கள். முடிந்தால் இரண்டு.

அந்த ஒரு நாளில் எங்கே நடப்பது?

காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். வெயில் ஏற முன் புறக்கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு நாட்டாமைகள் (மூட்டை சுமக்கும் கூலியாட்கள்) இழுத்துவரும் கைவண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே நேரம் போய்விடும். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குங்கள், மூட்டைக்கு பிரேக் கிடையாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் தெரியும். ஜாமிஉல் அல்ஃபார், நம் வாயில் சிவப்புப் பள்ளி. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர்கள் அதை அடையாளமாக வைத்திருந்தார்களாம். படம் எடுக்கிற எல்லோரும் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நிற்பார்கள், அங்கே கடைக்காரருடைய சாமானை மிதிக்காமல் நில்லுங்கள்.

அங்கிருந்து செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இரண்டும் அருகருகே. ஆடி மாதம் வந்தால் ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்துதான் தேர் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகும். அந்த நாளில் காலி வீதியில் அவசரமாக எங்கும் போக நினைக்காதீர்கள். தேர் போகிற வேகத்தில்தான் நகரமும் போகும்.

இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை என்றால் சைவர், பௌத்தர், கத்தோலிக்கர் என்று பேதமில்லாமல் வரிசை நிற்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் சிதைந்து, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறந்தார்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள்.

பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசர் கோயில். கொழும்பில் நான் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. வெளியே துறைமுக லொறிகள் இரைந்துகொண்டிருக்க, உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். வர்ணப் பூச்சில்லாத தூண்கள், எண்ணெய் விளக்கு, வௌவால் மணம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குமுன் போய்ச் சேருங்கள்.

நடை போதுமென்றால் இங்கேயே ஓட்டோ பிடிக்கலாம். தெம்பு இருந்தால் வுல்ஃபெண்டால் மேட்டில் 1757இல் திறந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தேவாலயத்தையும் பார்க்கலாம். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் குடும்பச் சின்னங்கள் செதுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுற்றுக்கு வேண்டாம், புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு.

கொழும்பு நூதனசாலை (அருங்காட்சியகம்) பார்க்கத் தகுந்ததா? பிள்ளைகள் சலிக்க மாட்டார்களா?

பிள்ளைகள் சலிப்பார்கள். வெளியே பெரிய ஆலமரமும் புல்வெளியும் உண்டு, ஒருவர் அவர்களோடு நில்லுங்கள். மற்றவர் உள்ளே போகலாம். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி திறந்த வெள்ளை மாளிகை அது. கண்டி அரசர்களின் சிம்மாசனம் உள்ளே இருக்கிறது. 1815இல் வெள்ளைக்காரர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1934இல்தான் திருப்பித் தந்தார்கள்.

ஆனால் நான் உங்களை அனுப்புவது ஒரு கல்லைப் பார்க்க. மேலே இரண்டு டிராகன்கள் செதுக்கிய ஒரு பலகைக்கல். சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுத்து. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாமியரின் இறைவனுக்கு, தமிழில் தேனாவரைப் பெருங்கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவின் துறைமுகங்களில் வியாபாரம் பண்ண வந்தவனுக்குத் தமிழும் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1911இல் காலியில் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்தபோதுதான் கண்டெடுத்தார்கள். எழுத்துத் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் தமிழெழுத்தின் வளைவுகள் பிடிபடும்.

அந்தத் தேனாவரைதான் இன்றைய தேவேந்திரமுனை. மாத்தறையிலிருந்து சில கிலோமீற்றர், இலங்கையின் தென்கோடி. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பெருங்கோயிலை இடித்தார்கள். இப்போது விஷ்ணு தேவாலயமும், 49 மீற்றர் உயர வெளிச்சவீடும் உண்டு. தெற்கே போகிறவர்கள் கல்லை முதலில் கொழும்பில் பார்த்துவிட்டுப் போங்கள்.

காலிமுகத்திடலில் குளிக்கலாமா?

வேண்டாம். அலை அடிக்கும், கரை கல். காலை நனைத்துக்கொண்டு நிற்கலாம். அது நடப்பதற்கு என்றே போட்ட இடம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் கவனித்துக்கொள்ளும்படி தனக்குப் பின் வருகிற ஆளுநர்களைக் கேட்டு ஒரு கல்வெட்டும் வைத்திருக்கிறார். தேடிப் பாருங்கள், கடலோர நடைபாதையில் இருக்கிறது.

பொழுதுபட்ட பிறகு போங்கள். இறால் வடை வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரியும். பருப்பு வடையின் மேல் இறாலை ஓட்டோடும் மீசையோடும் அழுத்திப் பொரித்திருப்பார்கள். கேட்டால் வெங்காயமும் மிளகாய்ச் சாறும் போட்டுத் தருவார்கள். முழு இறாலையும் ஓட்டோடு கடித்துத் தின்பதுதான் முறை. வெறும் பருப்பு வடையும் உண்டு, ஆனால் எண்ணெய் ஒன்றுதான்.

கடலில் இறங்க ஆசையென்றால் ரயில் ஏறிக் கல்கிசைக்குப் போங்கள். அங்கேயும் கொடியைப் பார்த்து, சனம் குளிக்கிற இடத்தில் மட்டும்.

காலிக்கு ரயிலா, பஸ்ஸா?

ஒரு பக்கமாவது ரயில். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோட்டையிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம் கடல். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கற்கள் மட்டும்தான் இருக்கும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நிலையங்களில் மேடையில் நிற்கிறவரின் உடுப்பில் உப்புக்காற்று ஒட்டும். களுத்துறையில் களு கங்கைப் பாலம், பிறகு தென்னந்தோப்பு, திரும்பவும் கடல். கடுகதி ரயில் என்றால் இரண்டரை மணித்தியாலம் அளவில் காலி. மெதுவான ரயில் எல்லா நிலையத்திலும் நிற்கும், அதில் ஏறிவிட்டால் கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

காலையில் கொழும்பிலிருந்து புறப்படும் ரயிலில் இடம் பிடிக்கலாம். பின்னேரம் கந்தோர் (அலுவலகம்) விடும் நேரத்து ரயிலில் பெட்டியோடும் குழந்தையோடும் ஏற நினைக்கவே வேண்டாம். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. தண்டவாளத்தோரத்துக் கம்பங்கள் எவ்வளவு கிட்ட வரும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஹிக்கடுவைக்குச் சற்று முன் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாத்தறைக்குப் போன ரயிலொன்று அங்கேதான் அள்ளுண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீதியோரம் நினைவுத்தூபி இருக்கிறது.

அவசரக்காரர்களுக்கு 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதை உண்டு. கொட்டாவைக்குப் பக்கத்தில் மாக்கும்புரவிலிருந்து புறப்படும் பஸ் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். திரும்பி வருவதற்கு அது சரி. மாக்கும்புரவுக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

காலிக் கோட்டைக்குள் என்ன செய்வது?

மதிலில் நடங்கள். போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் பிடித்த ஒல்லாந்தர் பெரிதாக்கிக் கட்டியது. 1988 முதல் உலக மரபுரிமைச் சொத்து. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்க மதிலில் ஏறினால் கிரிக்கெட் மைதானம் முழுக்கத் தெரியும், டெஸ்ட் நடக்கும் நாட்களில் சனம் அங்கேதான் குந்தியிருக்கும்.

1939இல் கட்டிய வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள வெள்ளைக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் என்று நினைப்பீர்கள். அது மீரான் பள்ளிவாசல், 1904. கோட்டைக்குள் தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளில் கேட்பது தமிழ். பெரும்பாலான வீடுகள் இன்று விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் ஆகிவிட்டன, விலையும் அதற்கேற்றபடி. சாப்பாட்டுக்குக் கோட்டைக்கு வெளியே வந்தால் பாதிக் காசு.

ஒரு இரவு உள்ளே தங்குங்கள். பகல் பஸ்களில் வந்த கூட்டம் போன பிறகுதான் தெருக்கள் கண்ணுக்குத் தெரியும்.

திமிங்கிலம் பார்க்கலாமா? ஆமை?

நீலத் திமிங்கிலத்துக்கு மிரிஸ்ஸ, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. விடியற்காலையில் படகு புறப்படும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், குமட்டல் மாத்திரையைப் படகு ஏற முன்பே போடுங்கள். துரத்தித் துரத்திக் கிட்டப் போகிற படகை விட்டுவிட்டு, எட்ட நின்று காட்டுகிற படகு எது என்று விடுதியில் விசாரித்து ஏறுங்கள். டால்பின் கூட்டம் பார்க்க மேற்கே கற்பிட்டி, அதே பருவத்தில்.

ஹிக்கடுவையில் ஆமைகள் முழங்கால் தண்ணீர்வரை வரும். பாசியைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்வார்கள். பார்த்தால் போதும், ஊட்டவும் வேண்டாம், ஓட்டைத் தொடவும் வேண்டாம்.

திருகோணமலை அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

மே முதல் செப்டெம்பர் வரை என்றால் கட்டாயம். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் அளவு. இரவு ரயிலும் உண்டு. பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்தால் மான்கள் நடமாடும், மேலே கோணேசர் கோயில், அதன் கீழே செங்குத்தாகக் கடல். பழைய கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோயிலுக்கு விடிய அல்லது மாலைப் பூசைக்கு, குளிக்க நிலாவெளி அல்லது உப்புவெளி, நீருக்குள் முகமூடி போட்டு மீன் பார்க்கப் புறாத்தீவு. பவளத்தில் கால் வைக்காதீர்கள், கால் வெட்டும், பவளமும் செத்துவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் வழியில்தான். ஒவ்வொன்றிலும் சூடு வேறு.

அலைச்சறுக்கு என்றால் அறுகம்குடா. பிள்ளைகளோடு ஆழமில்லாத கடல் என்றால் பாசிக்குடா.

யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்காதீர்கள். அதற்குத் தனியாக வாருங்கள். 400 கிலோமீற்றர் போய், நல்லூரையும் கோட்டையையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகைத் தவறவிட்டுத் திரும்பி வருவதில் என்ன இருக்கிறது? ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கென்று வந்தால் அது வேறு கதை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெருவில் தடுமாற்றமே இல்லை. இட்லி, தோசையும் உண்டு. ஆனால் இங்கே வந்து அதையே தேடுவானேன்? இடியப்பமும் சொதியும் சம்பலும் கேளுங்கள். மாலையில் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் காசு எடுக்க மாட்டார்கள், தின்றதை எண்ணித்தான் பில். பயந்து தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

சுத்த சைவக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: மாசி. சைவக் கடை அல்லாத இடங்களில் தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சில மரக்கறிகளில்கூட மாசிக் கருவாட்டுத் தூள் இருக்கும். "மீன் போட்டதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், "மாசி போட்டதா" என்று கேளுங்கள். பிளேன்டீ எங்கும் நன்றாக இருக்கும். பில்டர் காப்பிக்கு ஆசைப்பட வேண்டாம்.

போயா தினம் என்றால் என்ன மூடியிருக்கும்?

ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. ரயில், பஸ் ஓடும். மே மாதத்து வெசாக் போயாவில் நீங்கள் கொழும்பில் இருந்தால் அதிர்ஷ்டம்: பேரை வாவி, கங்காராம விகாரைப் பக்கமெல்லாம் வெளிச்சக்கூடும் தோரணமும், தெருவுக்குத் தெரு தன்சல் போட்டுச் சாப்பாடும் குளிர்பானமும் இலவசமாகக் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

கொழும்பிலும் வடக்குக் கிழக்கிலும் தாராளமாக. ரயில் நிலையப் பெயர்ப் பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கும். காலி, மாத்தறைப் பக்கம் சிங்களம்தான். கொஞ்சம் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். "மல்லி" (சிங்களத்தில் தம்பி), "அங்கிள்" என்று கூப்பிட்டுத் தொடங்கினால் எவரும் முகம் திருப்ப மாட்டார்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. அம்புலன்ஸுக்குக் காசில்லை.

ஓட்டோக்காரர் ஏமாற்றுவாரா?

சிலர். பிக்மீ அல்லது ஊபரில் கூப்பிடுங்கள், கூலி முதலே தெரியும். தெருவில் பிடித்தால் மீற்றர் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏறமுன் பேசிவிடுங்கள். "இன்றைக்கு யானைப் பெரஹெரா இருக்கிறது, கூட்டிப்போகிறேன்" என்று (பெரஹெரா என்றால் ஊர்வலம்) கோட்டை, காலிமுகத்திடல் பக்கம் யாராவது சிநேகமாக வந்து சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள், அந்த ஓட்டோ பெரும்பாலும் மாணிக்கக்கல் கடையில்தான் போய் நிற்கும்.

காலி வீதியில் நேர்கோட்டில் போவதற்கு 100, 101 பஸ் போதும், மலிவு. நிற்குமுன்னே ஏறச் சொல்வார்கள், கம்பியை இறுக்கிப் பிடியுங்கள்.

உடுப்பு, கோயில் விதிகள்?

விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். மத்தியானக் கல்லில் கால் சுடும், காலுறை போடலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்பி எடுக்காதீர்கள், அது இங்கே பெரிய பிரச்சினையாகும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூட. சில இடங்களில் சார்க் நாட்டவருக்குக் குறைப்பார்கள், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கடைசி நாள் இரவு விமானம். பகலில் அறையை விட்ட பிறகு எங்கே போவது?

கொழும்பில் பெட்டியோடு அலையாமல் நீர்கொழும்புக்குப் போய்விடுங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் அங்கிருந்து பக்கம். காலையிலேயே போய்ச் சேர்ந்தால் மீன் சந்தை. அதற்குப் பின்னால் கடற்கரை மணலில் பாய் விரித்து, நெத்தலியும் பாரையும் வரிசை வரிசையாகக் காயும். பெண்கள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுவார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஒல்லாந்தர் கோட்டையில் மிஞ்சியிருப்பது 1678 என்று பொறித்த வாசல்தான், உள்ளே இன்று சிறைச்சாலை. அதனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கால்வாயில் படகுச் சவாரி உண்டு. இங்கத்தைய மீனவக் குடும்பங்களில் தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார்கள், விலை பேசத் தமிழ் போதும்.

கருவாடு வாங்கினால் இரண்டு மூன்று பொலித்தீனில் இறுக்கிக் கட்டித் தரச் சொல்லுங்கள். கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டிக்குள் போடுங்கள். உங்கள் நாட்டுச் சுங்கத்தில் அதை விடுவார்களா என்று வாங்கமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.